பந்து விழுவதைப் பார்க்காதவள்

கடைசி நொடியில் எறிந்து ஜெயித்த பந்து ஒன்றுகூட வளையத்துக்குள் விழுந்ததை லேப் அக்கா பதினோரு வருடமாகப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவள் உட்காருவது ஆடுகளத்தின் நடுக்கோட்டுக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் ஆடுகிறவர்களின் சட்டையைத் தொட்டுவிடலாம் என்கிற இடத்தில். அந்த நாற்காலியைக் கொடுத்தால் அந்தக் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேர் ஒரு வாரம் சாப்பாட்டையே விட்டுவிடுவார்கள். அவளோ அதில் உட்கார்ந்துகொண்டு, அரங்கமே எழுந்து கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னைக்கும் கடைசி செகண்டுல ஜெயிச்சாங்களாமே, பந்து எப்படி விழுந்துச்சு?" என்று வீட்டில் தையல்காரர் கேட்பார். தையல்காரர் அவளுடைய கணவர்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"நல்லா இருக்கு. விருந்துக்குப் போய் பாத்திரத்த மட்டும் கழுவி வச்சுட்டு வந்தவ மாதிரி பேசறே."

அவருக்குச் சிரிப்பு. அவளுக்கு அது சிரிப்பு வருகிற விஷயமில்லை. காரணம் அவருக்கும் தெரியாது. பதினோரு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாத காரணம் அது.

கல்லூரியில் அவளுக்குச் சம்பளம் வேதியியல் ஆய்வகத்தில். ஆய்வக உதவியாளர் என்று அடையாள அட்டையில் இருக்கும். பிள்ளைகளுக்கு அவள் லேப் அக்கா. இருபத்து நாலு வருடமாகக் குடுவை கழுவுகிறாள், கரைசல் கலந்து வைக்கிறாள், அமிலப் பாட்டிலை மூடாமல் போகிறவர்களை வாய் வலிக்கத் திட்டுகிறாள். பியூரெட் என்று நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அதன் அடியில் சின்னத் திருகு. கீழே குடுவையில் இருக்கிற நீர் நிறம் மாறும் வரை மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மாறிய அந்தச் சொட்டிலேயே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் கணக்கு தப்பு, காலையிலிருந்து செய்த வேலை மொத்தமும் பாழ். பேராசிரியர்களே இரண்டு சொட்டு முன்னே பின்னே போய் அசடு வழிவார்கள். லேப் அக்காவின் கட்டைவிரல் போகாது.

அந்தக் கட்டைவிரலை ஒருநாள் ஆய்வகத்துக்கு ஏதோ கேட்டு வந்த அப்போதைய உடற்கல்வி ஆசிரியர் பார்த்துவிட்டார். "எங்க நேரப் பெட்டிக்கு ஒரு கை வேணும். வர்றீங்களா?" என்றார். கூடைப்பந்தில் விசில் ஊதும்போதெல்லாம் கடிகாரம் நிற்க வேண்டும், ஆட்டம் தொடரும்போதெல்லாம் ஓட வேண்டும். ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல். அதற்கென்று மேசையில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு சுவிட்ச். அக்கா உட்கார்ந்தாள். முதல் ஆட்டத்திலேயே அந்த விளையாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. அதுவரை விளையாட்டு என்றாலே வேலையற்ற வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போட்டுவிட்டு, "என்னங்க, ஒரு செகண்டுல எவ்ளோ நடக்குது தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். ஒரு சட்டைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிற மனிதரிடம் போய் இதைக் கேட்டாளே, அதுதான் வேடிக்கை. அவருடைய கடையில் எல்லாத் துணியும் நாளைக்கு ரெடியாகிவிடும். எந்த நாளைக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

இனி அந்தப் பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பெண்கள் பிரிவு இறுதி ஆட்டம். எதிரே ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி. நம் பக்கம் ஒரு புள்ளி பின்னால், கடிகாரத்தில் மீதி ஒரே ஒரு நொடி. பக்கக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒருத்தி பந்தை உள்ளே எறிய வேண்டும். உள்ளே வாங்க நின்றவள் அணியின் தலைவி. பதினாலாம் எண் சட்டை போட்டதால் ஊரே அவளைப் பதினாலு என்றுதான் கூப்பிடும். இந்த இடத்தில் ஒரு விதி இருக்கிறது, இதைப் புரிந்துகொண்டால் கதை மொத்தமும் புரிந்துவிடும். வெளியிலிருந்து எறிந்த பந்து காற்றில் வரும்போது கடிகாரம் ஓடக் கூடாது. உள்ளே நிற்பவளின் கை அதில் பட்ட பிறகுதான் ஓட வேண்டும்.

லேப் அக்கா பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயிக்க வேண்டும், ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரே கூச்சல். பந்து எறிந்தவளின் கையை விட்டதும் கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது. பந்து பாதி வழியில் இருக்கும்போதே நொடி கரைய ஆரம்பித்துவிட்டது. பதினாலு பிடித்தாள், எகிறினாள், காற்றிலேயே திரும்பினாள். எதிரணிக்காரி ஒருத்தி மேலே வந்து மோத, கீழே விழுந்துகொண்டே எறிந்தாள். ஆனால் பந்து விரலை விடுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் நேரம் முடிந்ததென்று ஹாரன் அலறிவிட்டது. பந்து வளையத்துக்குள் விழுந்தது. நடுவர் இரண்டு கையையும் குறுக்கே வீசி, செல்லாது என்றார். அவ்வளவுதான், கோப்பை ஆற்றைக் கடந்து போய்விட்டது.

எல்லோரும் போன பிறகு பதினாலு மேசைக்கு வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"அக்கா, என் கை பட்டதுக்கு முன்னாடி அமுக்குனீங்களா, அப்புறமா?"

"பட்டதுக்கு அப்புறம்தான்" என்றாள் லேப் அக்கா.

பதினாலு தலையை ஆட்டிவிட்டுப் போனாள். படிப்பு முடிந்து ஊரை விட்டும் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அக்கா பந்தைப் பார்ப்பதை விட்டாள். பந்தைப் பார்த்ததால்தானே புத்தி போனது? கைகளை மட்டும் பார்ப்பாள். ஆட்டக்காரிகள் எங்கே எறிகிறார்கள், என்ன ஆகிறது என்றெல்லாம் பார்க்க மாட்டாள். கடைசி நொடியில் வளையத்தின் பக்கம் கண் போனால் தன்னைத் தானே கிள்ளிக்கொள்வாள். இதைத் தண்டனை என்று வைத்துக்கொண்டாளா, வைத்தியம் என்று வைத்துக்கொண்டாளா, அவளுக்கே தெளிவில்லை. சொன்ன பொய் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் கல்லூரி திறந்த முதல் வாரத்தில், பெண்கள் அணிக்குப் புதுக் கோச் வந்திருப்பதாக ஆய்வகத்தில் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். நம் கல்லூரியிலேயே படித்தவராம், அப்போது பதினாலாம் எண் சட்டைக்காரராம், ஆள் பனைமரம் மாதிரி இருக்கிறாராம். அக்காவின் கையிலிருந்த குடுவை சிங்க்கில் விழுந்து உடைந்தது. இருபத்து நாலு வருடத்தில் அவள் உடைத்தது அது இரண்டாவது.

மூன்று நாள் அரங்கத்தின் பக்கமே போகாமல் கம்பி நீட்டினாள். நாலாம் நாள், இப்படி ஒளிந்து ஒளிந்து எத்தனை நாள் என்று தன் மேலேயே கோபம் வந்து, வெள்ளைக் கோட்டோடு நேரே போய் நின்றாள். பதினாலு தரையில் உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது, காதோரம் இரண்டு நரை, அதே கண்.

"கோச், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அட, அக்கா! என்ன புதுசா கோச்சு, நீங்கன்னுட்டு? சொல்லுங்க."

"அன்னைக்குப் பட்டதுக்கு அப்புறம்தான் அமுக்குனேன்னு சொன்னேன்ல, பொய். அந்தப் பொண்ணு கைய விட்டு பந்து வந்ததுமே அமுக்கிட்டேன். நீங்க ஜெயிச்சிருக்கணும். நான்தான் கெடுத்தேன்."

பதினாலு பம்பை இன்னும் நாலு அடி அடித்தாள். பந்தைத் தட்டிப் பார்த்தாள்.

"தெரியும்க்கா."

"தெரியுமா!"

"பிடிச்சு, திரும்பி, எறிய எனக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? ஆயிரம் தடவ எறிஞ்சு பாத்த ஷாட்டு அது. ஒரு செகண்டுல முக்கால் போதும். அன்னைக்கு ஹாரன் அடிக்கறப்போ பந்து என் கையில. அப்போ மீதி எங்க போச்சு? பெட்டிகிட்ட இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்து கேட்டீங்க?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். சொல்லல. அதுதான் ரொம்ப நாள் வலிச்சுது, தோத்ததுகூட இல்ல."

லேப் அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "இனிமே பெட்டிய நான் தொட மாட்டேன். வேற ஆள வச்சுக்கோங்க" என்றாள்.

"நல்ல கதையா இருக்கே. நாளைலேர்ந்து சாயங்காலம் நாலரைக்குப் பெட்டியோட வந்துடுங்க. ஒரே ஒரு கண்டிஷன். மேசை மேல ஒரு கேமரா வைப்பேன். கோர்ட்டும் கடிகாரமும் ஒண்ணா தெரியற மாதிரி."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல" என்றாள் பதினாலு. சொல்லிவிட்டு அடுத்த பந்தை எடுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தாள்.

நம்பிக்கை இல்லை என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்ல, அன்றைக்கு லேப் அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தார். "என்ன, யாராவது பரிசு கொடுத்தாங்களா?" என்றார். அவள் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். அவர் வெகுநேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, "இத்தன வருஷமா இத வச்சுக்கிட்டா தூங்குனே?" என்றார். அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

பயிற்சியின் கடைசி இருபது நிமிடம் தினமும் அதே ஒரு வேலை. கடிகாரத்தில் பத்தில் எட்டுப் பங்கு. அதாவது ஒரு நொடியைப் பத்தாக நறுக்கி, அதில் எட்டுத் துண்டு. வெளியிலிருந்து ஒருத்தி எறிவாள், உள்ளே ஒருத்தி வாங்கித் திரும்பி எறிவாள், அக்கா சுவிட்சைப் போடுவாள். பிறகு பதினாலு கேமராவில் ஓட்டிப் பார்ப்பாள். வாங்கி எறிய மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நொடிக்கு மேல் ஆயிற்று. ஒருத்திக்கு மட்டும் எட்டுத் துண்டுக்குள் முடிந்தது. அணியிலேயே குள்ளி, சதா எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவள், கூட்டத்துக்குள் புகுந்து புறப்படுகிறவள். சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏழாம் எண்.

முதல் வாரம் முழுக்கக் கேமரா சொன்ன சேதி ஒன்றே. அக்கா இப்போது தாமதமாக அழுத்துகிறாள்.

"பயந்துபோய் லேட்டாக்கறீங்க அக்கா. இதுல எங்களுக்கு ரெண்டு துண்டு சும்மா கெடைக்குது."

"உங்களுக்கு நல்லதுதானே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"முன்னாடி எங்ககிட்டேர்ந்து திருடுனீங்க. இப்போ எங்களுக்காகத் திருடறீங்க. எனக்கு ரெண்டும் வேணாம்."

சுருக்கென்று தைத்தது. அன்று ஆய்வகத்தைப் பூட்டும்போது பியூரெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நிறம் முழுக்க மாறட்டும் என்று யாராவது காத்திருப்பார்களா? முழுக்க மாறிவிட்டால் ஏற்கெனவே பிந்திவிட்டது என்று அர்த்தம். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு சின்னக் கீற்று தோன்றி, மறையாமல் நின்றுவிடும், அதைத்தான் பார்ப்பது. அப்போதுதான் புரிந்தது. கைகள் பந்தைப் பிடித்து மூடும்வரை அவள் காத்துக்கொண்டிருந்தாள். விதி பிடிப்பதைப் பற்றிப் பேசவில்லை, படுவதைப் பற்றித்தான் பேசுகிறது. பந்து பட்டதும் விரல் நுனி பின்னால் வளையும். அந்த வளைவுதான் கீற்று.

மறுநாளிலிருந்து விரல் நுனியைப் பார்த்தாள். சுண்டெலியின் நகத்தில் எந்த விரலில் சாயம் போயிருக்கிறது என்பது வரைக்கும் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. மூன்று மாதத்தில் பதினாலு கேமராவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகத் தொடங்கினாள். பதினாலு ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அணி ஜெயித்துக்கொண்டே போனது. இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே யார்? வேறு யாராக இருக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். இடம் நம் அரங்கம்.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எதிரணிக் கோச், எந்நேரமும் தொப்பியோடு இருக்கிற பெரிய மனிதர், போட்டிக் குழுவின் அறைக்கு வந்து மேசையைத் தட்டினார்.

"நேரப் பெட்டில உக்காந்திருக்கறது இவங்க காலேஜ் ஆளு. சம்பளம் வாங்கற எடத்துக்கு விரல் வளையாதா?"

தலைமை நடுவர் அவரை அமைதியாகப் பார்த்தார். நடுவர் வாரநாட்களில் பல் டாக்டர். ஐந்து நாள் ஜனங்களின் வாயைத் திறக்கவைப்பது, ஆறாம் நாள் மூடவைப்பது என்று அவர் வாழ்க்கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

"போட்டி நடத்தற காலேஜ்தான் மேசைக்கு ஆள் தரணும், அதான் விதி. ஆனா ஒண்ணு. கேமரா இருக்கு. நீங்க புகார் கொடுத்து அது நெஜம்னு தெரிஞ்சா, அந்தப் புள்ளியும் போகும், இந்தம்மாவும் போயிடணும். இனி எந்தப் போட்டிலயும் மேசைகிட்ட உக்காரக் கூடாது. சம்மதமாம்மா?"

"சம்மதம் டாக்டர்" என்று லேப் அக்கா கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தையல்காரர் அணியின் புதுச் சட்டைகளோடு ஓடி வந்தார். இரண்டு மாதம் முன்பு கொடுத்த துணி. சுண்டெலியின் சட்டையில் ஏழு கொஞ்சம் சாய்ந்திருந்தது. "ஓடறப்போ நேரா தெரியும்" என்று சமாளித்துவிட்டு, கடையைத் திறந்தபடியே விட்டு வந்தேன், பூட்டிவிட்டு வருகிறேன் என்று பறந்தார்.

நாற்பது நிமிட ஆட்டத்தை எல்லாம் இங்கே எழுதினால் காகிதம் தீர்ந்துவிடும். முன்னே போனார்கள், பின்னே வந்தார்கள், மறுபடி முன்னே போனார்கள். கடைசி நிமிடத்தில் ஆற்றுக்காரர்கள் அறுபத்தொன்று, நம்மவர்கள் அறுபது. நம் பிள்ளை எறியப் போன பந்தை எதிரணிக்காரி தட்டிவிட, அது பக்கக் கோட்டைத் தாண்டி உருண்டது. விசில். அக்காவின் கட்டைவிரல் சுவிட்சைக் கீழே தள்ளியது. எல்லோரும் சுவரில் இருந்த சிவப்பு எண்களைப் பார்த்தார்கள்.

பத்தில் எட்டுப் பங்கு.

லேப் அக்கா சுவிட்சையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வேண்டுமென்று நிறுத்தவில்லை. விசில் ஊதிய இடத்தில் நிறுத்தினாள், அது அங்கே வந்து நின்றது. மூன்று மாதமாகத் தினமும் வைத்துப் பார்த்த அதே எண்.

பதினாலு ஒரு நிமிட ஓய்வு கேட்டாள். பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்தாள். பலகையில் ஏதேதோ வரைவாள் என்று பார்த்தால் ஒரு கோடுகூடப் போடவில்லை. "நாலரை மணிப் பயிற்சிதான். போங்க" என்று மட்டும் சொன்னாள். திரும்பி நடக்கும்போது மேசையின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அக்காவால் சொல்ல முடியவில்லை, ஆனால் கட்டைவிரல் சுவிட்சின் மேல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

நெட்டையாக ஒருத்தி கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்றாள். அரங்கத்தில் எண்ணூறு பேர், ஒரு சத்தம் இல்லை. நடுவர் பந்தைக் கொடுத்தார். சுண்டெலி இடது பக்கம் போவதாகப் பாவனை காட்டி, இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து வலப்பக்கம் வெளிப்பட்டாள். பந்து கிளம்பியது.

அக்கா பந்தைப் பார்க்கவில்லை. பத்து விரல் நுனிகள் மட்டுமே அவளுடைய உலகம். முந்தினால் அன்றைக்குச் செய்த அதே பாவம். பிந்தினால் திருட்டு. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. வலது கை மோதிர விரல் நுனி பின்னால் வளைந்தது.

அழுத்தினாள்.

கைகள் மூடின, மேலே எழுந்தன, திரும்பின. பிறகு அந்தப் பத்து விரலும் விரிந்து காற்றில் காலியாக நின்றன. அதற்குப் பிறகுதான் ஓரக்கண்ணில், வளையம் மாட்டிய பலகையின் விளிம்பில், சிவப்பு விளக்கு எரிந்தது, ஹாரன் அலறியது. விரல் காலியான பிறகு! அதை அவள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பந்து எங்கே, என்ன ஆயிற்று? திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டாள். திடீரென்று கூரை பிய்ந்தது. பெஞ்சில் இருந்த பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டில்களைத் தூக்கி எறிந்துகொண்டு ஆடுகளத்துக்குள் பாய்ந்தார்கள். சுண்டெலியை யாரோ தோளில் தூக்கினார்கள். சாய்ந்த ஏழு உயரத்தில் போயிற்று.

அந்தச் சந்தோஷம் முழுதாக இறங்குவதற்குள் தொப்பிக்காரர் நடுவர் முன்னால் போய் நின்றார்.

"எட்டுத் துண்டுல வாங்கி, திரும்பி, எறிய மனுஷனால ஆகாது. பெட்டிய லேட்டா அமுக்கிட்டாங்க. புகார் எழுதிக்கோங்க."

அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே நடுவர், தொப்பிக்காரர், பதினாலு, லேப் அக்கா. வெளியே எண்ணூறு பேர் காத்திருக்கிற இரைச்சல். கேமராவைக் கணினியில் மாட்டிவிட்டு நடுவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பாக்கறதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்கம்மா. அந்தப் பொண்ணு கை பட்டதுக்கு முன்னாடி அமுக்குனீங்களா, அப்புறமா?"

பதினாலு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருடத்துக்கு முன் அவள் கேட்ட அதே கேள்வி. லேப் அக்கா நடுவரைப் பார்க்கவில்லை. பதினாலின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பட்டதுக்கு அப்புறம்தான். பட்டவுடனே."

நடுவர் ஒவ்வொரு படமாக நகர்த்தினார், எக்ஸ்ரேயில் சொத்தைப் பல் தேடுகிறவர் மாதிரி மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய். பந்து காற்றில், கடிகாரம் எட்டு. பந்து இன்னும் காற்றில், எட்டு. விரல் பட்டது, எட்டு. அடுத்த படம், எட்டு. அதற்கடுத்த படம், ஏழு. நடுவர் பின்னால் போய் மறுபடி நகர்த்தினார். மூன்றாம் தடவையும் பார்த்தார். பிறகு முன்னே போனார். ஐந்து, நாலு, இரண்டு. பந்து விரலை விட்டு வெளியே நின்ற படத்தில் கடிகாரம் ஒன்று. விளக்கு எரியவில்லை.

"இருபத்தஞ்சு வருஷமா விசில் ஊதறேன். இவ்ளோ சுத்தமா ஒரு கைய நான் பாத்ததில்ல. புள்ளி செல்லும். அறுபத்திரண்டு, அறுபத்தொண்ணு. முடிஞ்சுது."

தொப்பிக்காரர் தானே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். உள்ளே பளபளவென்று வழுக்கை. அவர் அதைக் கழற்றி அதுவரை யாரும் பார்த்ததில்லை. "தப்பா சொல்லிட்டேன்மா. மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நேராக வெளியே போனார். போய் நம் சுண்டெலிக்குத்தான் முதலில் கை கொடுத்தார் என்று பிறகு சொன்னார்கள்.

நடுவர் கணினியை மூடப் போனார்.

"டாக்டர், மூடாதீங்க. கொஞ்சம் ஓட விடுங்களேன்."

"எதுக்கும்மா? முடிவுதான் சொல்லியாச்சே."

"பந்து விழறதப் பாக்கணும்."

நடுவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் ஓட விட்டார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு தையல்காரர். "முடிஞ்சுபோச்சா? பூட்டு மாட்டிக்கிச்சு, அதான் கொஞ்சம்..." என்றவரை அவள் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

பந்து உயரமாகப் போனது. வளையத்தின் விளிம்பில் மோதியது. மேலே எகிறியது, ஐயோ என்று தையல்காரர் தலையில் கை வைத்தார். மறுபடி விளிம்பில் விழுந்து, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல ஒரு முழுச் சுற்று சுற்றி, உள்ளே சரிந்தது.

லேப் அக்கா கத்தினாள். ஐம்பது வயதுக்காரி, வெள்ளைக் கோட்டுக்காரி, தரை அதிரக் குதித்துக் குதித்துக் கத்தினாள். பதினோரு வருடத்தில் விழுந்த பந்துக்கெல்லாம் சேர்த்து வைத்துக் கத்தியது அது. எதற்கும் நாளைக்கு, நாளைக்கு என்கிற தையல்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்துக்கு வந்திருந்தார். அவரும் கூடச் சேர்ந்து கத்தினார். நடுவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூச்சு அடங்கிய பிறகுதான் பதினாலு இன்னும் ஓரத்திலேயே நிற்பதை அக்கா கவனித்தாள். கோப்பை வாங்க வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு கண்ணு." கோச் என்ற அழைப்பும் நீங்க என்ற மரியாதையும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

"அன்னைக்கு என்னோடது எப்படி விழுந்துச்சு? நான் கீழ விழுந்து கெடந்தேன், பாக்கல. செல்லாதுன்னுட்டாங்க, அதனால யாரும் அதப் பத்தி என்கிட்ட பேசவே இல்ல. நீங்க அன்னைக்குப் பந்தத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க?"

லேப் அக்கா கண்ணை மூடினாள். பதினோரு வருடமாக எதை நினைக்கக் கூடாது என்று தன்னைக் கிள்ளிக்கொண்டாளோ, அது அப்படியே இருந்தது, ஒரு தூசு படியாமல்.

"இந்தப் புள்ள போட்டது விளிம்புல பட்டு, சுத்தி, கெஞ்சிக் கூத்தாடி விழுந்துச்சு. உன்னோடது அப்படியில்லடி. எதுலயும் படல. வளையத்துலகூடப் படல. நேரா நடுவுல எறங்குச்சு, வலை மட்டும் ஒரு தடவ மேல தூக்கி அடங்குச்சு. நான் பாத்ததுலயே அழகு அதுதான்."

பதினாலுக்கு அன்று வராத கண்ணீர் இப்போது வந்தது, துடைக்கவும் தோன்றாமல் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "கைய விட்டப்பவே தெரியும். நீங்க சொல்லிக் கேக்கணும்னுதான் இருந்துச்சு."

பிறகு அக்காவின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலோடு சேர்த்து உயர்த்திக்கொண்டு, எண்ணூறு பேருக்கு நடுவில் கோப்பை வாங்கப் போனாள்.